புற்று பரவும் வழி

கறையான் எழுப்பும் மண்மேட்டைப் புற்று என்கிறோம். வெளியே தெரிவது முழ உயரமே. அதன் அறைகளும் வழிகளும் மண்ணுக்குள் எத்துணைத் தொலைவு ஓடுகின்றன என்பதை, மேட்டை மட்டும் இடித்துத் தள்ளுகிறவன் அறியமாட்டான். அடுத்த மழைக்குப்பின் அது வேறோர் இடத்தில் தலைதூக்கும்போதுதான் அவனுக்கு உண்மை விளங்கும். கிரேக்கர்கள் இந்நோய்க்கு நண்டின் பெயரை இட்டனர். கட்டியைச் சுற்றிப் புடைத்த நரம்புகள் நண்டின் கால்களைப் போல அவர்களுக்குத் தோன்றினவாம். அது தோற்றத்தைக் கண்டு வைத்த பெயர். நம் மொழியிலுள்ள பெயரோ நோயின் நடத்தையையே சொல்லிவிடுகிறது. எனக்கு நம் பெயரே மேலானதாகப் படுகிறது.

மாணவர்களே, அந்தப் புற்று நம் உணவுப் பாதையில் எவ்வாறு முளைக்கிறது, எந்த வழியே பரவுகிறது என்னும் இரண்டு வினாக்களுக்கு மனிதர்கள் விடை தேடிய வரலாற்றை இன்று உங்களுக்குச் சொல்ல விரும்புகிறேன். இரைப்பை, பெருங்குடல், மலக்குடல் ஆகிய உறுப்புகளைப் பற்றிப் பேசக் கூச்சப்படுகிறவர்கள் உண்டு. நோய்க்கு அந்தக் கூச்சம் இல்லை. ஆகையால் நமக்கும் வேண்டாம்.

கேலன் என்னும் பண்டைய மருத்துவர் காலந்தொட்டு, உடலில் கரும்பித்தம் மிகுவதே இந்நோய்க்குக் காரணம் என்று மருத்துவ உலகம் ஆயிரம் ஆண்டுகளுக்கு மேலாக நம்பி வந்தது. உடல் முழுவதும் ஓடும் ஒரு தீய நீரே காரணமானால், கட்டியை அறுத்தெடுத்துப் பயன் என்ன? 19-ஆம் நூற்றாண்டில் உருப்பெருக்கிக் கண்ணாடி செம்மையுற்ற பிறகே இந்த நம்பிக்கை தளர்ந்தது. பிரான்சு நாட்டு மருத்துவர் ரெக்காமியே, ஓர் இடத்துப் புற்று மற்றோர் இடத்தில் குடியேறுவதைக் குறிக்க 1829-இல் ‘மெட்டாஸ்டாசிஸ்’ என்னும் சொல்லை ஆண்டார். ஜெர்மானியப் பேரறிஞர் விர்கோ, ஓர் உயிரணு மற்றோர் உயிரணுவிலிருந்தே பிறக்கும் என்ற கொள்கையை 1850-களில் நிலைநாட்டினார். புற்றும் நம் சொந்த உயிரணுக்களின் வழித்தோன்றலே என்பது அதன் பின்னர் மெல்ல மெல்ல விளங்கலாயிற்று.

அதே விர்கோ 1848-இல் ஒரு குறிப்பு எழுதினார். வயிற்றில் புற்று கண்ட சிலருக்கு, இடப்பக்கக் காறை எலும்பின் மேலே, கழுத்தின் அடியில், ஒரு கணு பருத்துக் கெட்டியாக இருப்பதை அவர் கண்டார். வயிறு எங்கே, கழுத்து எங்கே? உடலின் அமைப்பை அறிந்தவர்க்கு இதில் வியப்பில்லை. குடலிலும் இரைப்பையிலும் ஊறும் நிணநீர் பற்பல சிற்றோடைகளாகத் திரண்டு, மார்பினுள்ளே மேல்நோக்கிச் செல்லும் ஒரு பெருங்குழாயில் சேர்ந்து, இடப்பக்கக் கழுத்தின் அடியில்தான் குருதியோடு கலக்கிறது. அந்த ஆற்றில் மிதந்து சென்ற புற்றணு, முகத்துவாரத்தின் அருகில் கரை ஒதுங்கிவிட்டது. வகுப்பில் ஆறுகளையும் கிளையாறுகளையும் கரும்பலகையில் வரைந்து காட்டிய எனக்கு, இந்தச் செய்தியைப் படித்தபோது புவியியல் பாடத்தைப் படிப்பது போலவே இருந்தது.

இவ்விடத்தில் செவிலியர் ஒருவரையும் நினைவுகூர வேண்டும். அமெரிக்காவில் மின்னசோட்டா மாநிலத்து ராச்செஸ்டர் நகரில், செயின்ட் மேரீஸ் மருத்துவமனையில் சகோதரி மேரி ஜோசப் என்னும் கன்னித்துறவி, வில்லியம் மேயோ என்ற அறுவை மருத்துவருக்கு உதவியாளராக இருந்தார். நோயாளியின் வயிற்றைத் தூய்மை செய்யும்போது, சிலருடைய கொப்பூழில் கடினமான சிறு முடிச்சு ஒன்று கைக்குத் தட்டுப்படுவதையும், அத்தகையோரின் வயிற்றைத் திறந்தால் உள்ளே புற்று பரவியிருப்பதையும் அவர் கவனித்தார். மருத்துவர்கள் கண்டு கடந்து போன ஒன்று அந்த அம்மையாரின் விரல்களுக்குப் புலப்பட்டது. இன்றும் அந்த முடிச்சுக்கு அவர் பெயரே வழங்குகிறது.

இனி அறுவை மருத்துவத்துக்கு வருவோம். 1881 ஜனவரி 29-ஆம் நாள் வியன்னாவில் தியோடர் பில்ரோத், 43 வயதுடைய ஒரு பெண்ணின் இரைப்பையில் புற்றுப் பற்றிய பகுதியை வெட்டியெடுத்து, எஞ்சியதைக் குடலோடு தைத்தார். அந்நோயாளி பிழைத்து எழுந்து உணவு உண்டார். அதற்கு முன் வேறு இருவர் இதனை முயன்று தோற்றிருந்தமையால், ஐரோப்பா முழுவதும் இச்செய்தி பரவியது. ஆயினும் நான்கு மாதங்களுக்குள் அந்தப் பெண் இறந்துபோனார். தையல் பிரியவில்லை; அறுவையில் குறையில்லை. மருத்துவர் கத்தியை எடுக்குமுன்பே நோய் வேறிடங்களுக்குப் புறப்பட்டுப் போயிருந்தது. மேட்டை இடித்தாயிற்று, வழிகள் இருந்தன.

அந்த வழிகளைத் தேடிச் சென்றவர்களில் லண்டன் மருத்துவர் எர்னஸ்ட் மைல்ஸ் ஒருவர். அக்காலத்தில் மலக்குடற் புற்றைக் கீழ்ப்புறமாகவே அறுத்தெடுத்து வந்தனர். மைல்ஸும் அவ்வாறே 57 பேருக்குச் செய்தார். பின்னர் அவர்களைத் தொடர்ந்து கவனித்ததில் 54 பேருக்கு நோய் திரும்பிவிட்டது. வேறொருவராயின் தலைவிதி என்று எழுதிவிட்டு அடுத்த நோயாளியைப் பார்க்கப் போயிருக்கலாம். மைல்ஸ் இறந்தோரின் உடல்களை ஆராய்ந்தார். மேலே, வயிற்றினுள், குடலைத் தாங்கும் மடிப்புகளிலும் குருதிக் குழாய்களை ஒட்டிய நிணநீர்க் கணுக்களிலும் புற்றின் பிள்ளைகள் குடியிருந்தன. ஆகவே, வயிற்று வழியாகவும் கீழ்வழியாகவும் நுழைந்து, மலக்குடலையும் அதன் கணுக்களையும் மலவாயையும் ஒருசேர அகற்றும் பேரறுவையை 1908-இல் வெளியிட்டார். தொடக்க ஆண்டுகளில் அந்த அறுவைக்கு உட்பட்டோரில் மூன்றில் ஒரு பங்கினருக்கு மேல் அதனாலேயே மாண்டனர். தப்பியவர்களுக்கோ நோய் திரும்புவது வெகுவாகக் குறைந்தது. ஆனால் அவர்கள் எஞ்சிய வாழ்நாள் முழுவதும் வயிற்றில் வைத்த செயற்கை வாயின் வழியே மலம் கழிக்க வேண்டியிருந்தது. நோய் மேலும் பக்கவாட்டிலும் மட்டுமின்றிக் கீழ்நோக்கியும் பரவும் என்று மைல்ஸ் கருதியதே மலவாயை அகற்றியதற்குக் காரணம்.

கீழ்நோக்கியும் பரவுகிறதா? இந்த ஒரு சிறு வினாவில் ஆயிரக்கணக்கான மக்களின் அன்றாட வாழ்வும் மானமும் அடங்கியிருந்தன. விடை, லண்டனிலேயே ஒரு சிறிய மருத்துவமனையிலிருந்து வந்தது.

செயின்ட் மார்க்ஸ் என்னும் அம்மருத்துவமனை, மலக்குடல் நோயால் வருந்தும் ஏழைகளுக்கென்று பிரெடரிக் சால்மன் என்பவர் 1835-இல் ஏழே படுக்கைகளுடன் தொடங்கியது. ஆங்கில இலக்கியம் பயிலும் மாணவர்களுக்கு ஒரு செய்தி: நாவலாசிரியர் சார்லஸ் டிக்கன்சுக்கு 1841-இல் பவுத்திர நோய்க்காக அறுவை செய்தவர் இந்தச் சால்மன்தான். மயக்க மருந்து வழக்கத்துக்கு வருவதற்கு முந்திய காலம் அது. அந்த மருத்துவமனைக்கு 1922-இல் நோய்க்குறியியல் வல்லுநராக வந்து சேர்ந்தார் கத்பர்ட் டியூக்ஸ்.

டியூக்ஸ் செய்த வேலை பார்ப்பதற்குக் கவர்ச்சியற்றது. அறுவைக் கூடத்திலிருந்து வெட்டியெடுத்த குடல் அவரிடம் வரும். அதனை விரித்து வைத்து, ஒட்டியிருந்த கொழுப்பைக் கிளறி, அதிலுள்ள நிணநீர்க் கணுக்களை ஒவ்வொன்றாகப் பிரித்தெடுப்பார். எந்தக் கணு எங்கே இருந்தது என்று படம் வரைந்து குறித்துக்கொள்வார். பிறகு ஒவ்வொன்றையும் உருப்பெருக்கியில் வைத்துப் புற்று உண்டா இல்லையா என்று பார்ப்பார். ஒரு குடலுக்குப் பல பத்துக் கணுக்கள், இப்படி நூற்றுக்கணக்கான குடல்கள், பின்னர் ஆயிரக்கணக்கானவை. பொறுமை என்பது அறிவின் ஒரு பகுதி என்று நான் எண்ணுவதுண்டு. அதற்கு இவரைக் காட்டிலும் சிறந்த சான்று கிடைப்பது அரிது.

அவர் வரைந்த படங்களில் ஓர் ஒழுங்கு தென்பட்டது. புற்று முதலில் குடலின் உட்புறத்தில் முளைத்துச் சுவரைத் துளைக்கிறது. சுவரைக் கடந்த பின்னரே பெரும்பாலும் கணுக்களை அடைகிறது. அண்மையிலுள்ள கணு முதலில், அதற்கு மேலுள்ளது அடுத்து, என்று படிப்படியாக மேலே ஏறுகிறது. கீழ்நோக்கிப் பரவுவதோ மிக அரிது. மேல்வழி முற்றும் அடைபட்டபோதுதான் அது நிகழ்கிறது. கட்டி மலவாய்க்குச் சற்று உயரத்தில் இருப்பின் மலவாயை அகற்றத் தேவையில்லை என்பதற்கு இதனால் அடிப்படை கிடைத்தது. அறுவை மருத்துவர்கள் உடனே துணிந்துவிடவில்லை. அமெரிக்காவில் மேயோ மருத்துவமனையைச் சேர்ந்த கிளாடு டிக்சன், மலவாயைக் காத்து, குடலை மீண்டும் இணைக்கும் முறையில் தாம் கண்ட நற்பயனை 1948-இல் வெளியிட்டார். பிறகு அம்முறை பரவியது. செயற்கை வாயின்றி வாழ்ந்தவர்கள் எத்தனை பேர் டியூக்ஸின் பெயரை அறிந்திருப்பார்கள்?

1932-இல் டியூக்ஸ் மலக்குடற் புற்றை மூன்று நிலைகளாகப் பகுத்தார். சுவருக்குள் அடங்கியிருப்பது ‘ஏ’. சுவரைக் கடந்தும் கணுக்களை அடையாதது ‘பி’. கணுக்களை அடைந்தது ‘சி’. மாணவர்களுக்கு மதிப்பெண் போடுவது போலிருக்கிறதே என்று நீங்கள் சிரிக்கலாம். இதில் உள்ள நுட்பம் என்னவென்றால், கட்டியின் பருமன் கணக்கில் வரவில்லை. பெரிய கட்டி ‘ஏ’ ஆகலாம், சிறியது ‘சி’ ஆகலாம். எவ்வளவு பெரியது என்பதை விட எவ்வளவு ஆழம் சென்றது, எங்கே சென்றது என்பதே உயிரைத் தீர்மானித்தது. 1958-இல் டியூக்ஸும் அவருடைய துணைவர் பஸ்ஸியும் ஈராயிரத்துக்கு மேற்பட்ட நோயாளிகளின் கணக்கை வெளியிட்டனர். ஐந்தாண்டு கடந்து உயிர் வாழ்ந்தோர், வேறு காரணங்களால் இறந்தோரைக் கழித்துப் பார்க்கையில், ‘ஏ’ நிலையில் ஏறக்குறைய எல்லாருமே. ‘பி’ நிலையில் நான்கில் மூவர். ‘சி’ நிலையில் மூன்றில் ஒருவர்.

பரவும் வழி இவ்வாறு தெளிந்தது. முளைக்கும் வழி? அதுவும் இதே மருத்துவமனையில்தான் துலங்கியது.

இங்கே அறுவை மருத்துவராக இருந்த லாக்ஹார்ட்-மம்மரி, 1925-இல் மூன்று குடும்பங்களைப் பற்றி எழுதினார். அக்குடும்பங்களில் சிலருக்கு இளமையிலேயே பெருங்குடல் முழுவதும் நூற்றுக்கணக்கான சதைமுளைகள் காளான் முளைத்தாற்போல முளைக்கும். நடுவயதை எட்டுமுன் அவற்றுள் ஏதேனும் ஒன்று புற்றாகிவிடும். தாய்க்கோ தந்தைக்கோ இருந்தால் பிள்ளைகளில் ஏறத்தாழப் பாதிப்பேருக்கு அது வரும். இக்குடும்பங்களுக்கென ஒரு பதிவேடு தொடங்கப்பட்டது. அதனைப் பேணும் பொறுப்பு, ஆய்வுக்கூடத்தில் எடுபிடி உதவிக்காகப் பதினேழு வயதில் வந்து சேர்ந்த பஸ்ஸி என்னும் இளைஞரிடம் வந்தது. அவர் பல பத்தாண்டுகள் அதை எழுதினார். குடும்ப மரங்களைத் தலைமுறை தலைமுறையாக வரைந்தார். பிற்காலத்தில் ஆய்வுப் பட்டமும் பெற்று, 1975-இல் அந்நோயைப் பற்றிய பெருநூலை எழுதினார். வருகைப் பதிவேட்டோடு வாழ்நாளைக் கழித்தவன் நான். பதிவேடு எழுதுவது எழுத்தர் வேலை என்று எள்ளுவோரைக் கண்டால் எனக்குப் பஸ்ஸியின் நினைவு வரும். அந்த ஏடு இருந்தமையால், நோய் மூளுமுன்பே பெருங்குடலை அகற்றிப் பல இளைஞர்களின் உயிரைக் காக்க முடிந்தது.

சதைமுளைகள் அரிய குடும்பங்களில் மட்டும் தோன்றுவன அல்ல. முதியோர் பலருக்கு ஒன்றிரண்டு இருக்கும். சாதாரணக் குடற்புற்றும் அத்தகைய முளையிலிருந்துதான் வளர்கிறதா? டியூக்ஸ் ஆம் என்றார். அமெரிக்க வல்லுநர் சிலர் 1950-களில் இதனை வன்மையாக மறுத்தனர். புற்று நல்ல சவ்விலிருந்து நேராகவே தோன்றுகிறது என்பது அவர்கள் வாதம். டியூக்ஸுக்குப் பின் வந்த பேசில் மார்சன், பஸ்ஸி, டோக்கியோவிலிருந்து வந்த மூட்டோ ஆகிய மூவரும், சேர்த்து வைத்திருந்த பழைய மாதிரிகளையெல்லாம் மீண்டும் பார்த்து 1975-இல் விடை கூறினர். சிறு புற்றுகளின் ஓரத்தில் பழைய முளையின் மிச்சம் காணப்பட்டது. முளை பெரிதாக ஆகப் புற்று இருக்கும் வாய்ப்பும் ஏறியது. இந்த மாற்றத்துக்குப் பெரும்பாலும் பத்து ஆண்டுகள்போலப் பிடிக்கிறது. பத்து ஆண்டு! ஒரு பிள்ளை ஆரம்பப் பள்ளியில் சேர்ந்து உயர்நிலைப் பள்ளியை முடிக்கும் காலம். அவ்வளவு காலம் நோய் நமக்குத் தவணை கொடுக்கிறது. வளையும் குழாய்க் கண்ணாடியை உட்செலுத்தி, முளையைக் கண்டவுடனே கம்பி வளையத்தால் அறுத்தெடுக்கும் முறையை ஷின்யா, உல்ஃப் என்ற இருவர் நியூயார்க்கில் 1969-இல் தொடங்கினர். முளைகளை அவ்வாறு அகற்றியோருக்குக் குடற்புற்று வெகுவாகக் குறைகிறது என்பது 1993-இல் வெளியான பேராய்வினால் உறுதியாயிற்று.

அமெரிக்காவில் நடந்த மற்றொரு வரலாற்றைச் சொல்லாமல் விடக்கூடாது. 1895-இல் மிச்சிகன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஆல்ட்ரெட் வார்த்தின் என்பவரிடம் தையற்காரப் பெண் ஒருவர் கவலையோடு பேசினார். தம் உறவினர் பலரும் வயிற்றிலோ குடலிலோ கருப்பையிலோ புற்றுக் கண்டு மாண்டார்கள் என்றும், தாமும் அப்படியே இளமையில் சாவது உறுதி என்றும் கூறினார். அவர் அப்போது நல்ல உடல்நலத்தோடு இருந்தார். வார்த்தின் அதைப் பேதைமை என்று தள்ளவில்லை. அவருடைய குடும்ப மரத்தை வரையலானார். அந்தப் பெண் சொன்னபடியே கருப்பைப் புற்றினால் இளமையில் இறந்தார். வார்த்தின் 1913-இல் அக்குடும்பத்தை ‘ஜி’ என்ற எழுத்தால் குறித்து வெளியிட்டார். உலகம் பெரிதாகப் பொருட்படுத்தவில்லை.

ஏறத்தாழ அரை நூற்றாண்டு கழிந்து, 1962-இல் நெப்ராஸ்கா மாநிலத்து ஓமாகா நகரில், ஹென்றி லிஞ்ச் என்ற இளம் மருத்துவர் குடியால் சீரழிந்த ஒரு நோயாளியைக் கண்டார். ஏன் குடிக்கிறாய் என்றதற்கு, எங்கள் குடும்பத்தில் எல்லாரும் புற்றினால் சாகிறார்கள், நானும் சாகத்தான் போகிறேன் என்று அவர் விடையளித்தார். லிஞ்ச் அவருடைய உறவினரைத் தேடித் தேடிக் கணக்கெடுத்தார். அவர் 1966-இல் வெளியிட்டதைக் கண்டு, மிச்சிகனில் வார்த்தினின் இடத்தில் அமர்ந்திருந்தவர், காத்து வைத்திருந்த ‘ஜி’ குடும்பத்து ஏடுகளை அவரிடம் ஒப்படைத்தார். புற்று மரபுவழி வருவதில்லை என்றே பெரும்பாலோர் கருதிய காலம் அது; லிஞ்ச் பல்லாண்டுகள் தனித்தே போராட வேண்டியிருந்தது.

பதிவேடுகளின் பயன் இறுதியில் வந்தது. 1987-இல் பிரிட்டனில் வால்ட்டர் பாட்மரும் குழுவினரும், சதைமுளைக் குடும்பங்களின் குறை ஐந்தாம் குரோமோசோமில் இருப்பதைக் கண்டனர். 1991-இல் அந்த மரபணுவே பிடிபட்டது. ‘ஏபிசி’ என்று பெயரிட்டனர். மரபில் வாராத சாதாரணக் குடற்புற்றிலும் பெரும்பாலும் முதலில் பழுதாவது அதே மரபணு என்பது வியப்புக்குரியது. ஃபியரான், வோகல்ஸ்டைன் என்னும் இருவர் 1990-இலேயே ஒரு படிவரிசையை எழுதிக் காட்டியிருந்தனர். ஒரு பழுதினால் முளை தோன்றும். அடுத்த பழுதினால் அது வளரும். மேலும் சில பழுதுகள் சேர்ந்த பின்பே புற்றாகும். மார்சன் உருப்பெருக்கியில் கண்ட படிகளுக்கு மரபணுவில் விளக்கம் கிடைத்தது. லிஞ்சின் குடும்பங்களில் உள்ள குறை வேறு வகை. உயிரணு இரண்டாகும்போது தன் மரபு நூலை நகலெடுக்கிறது. நகலில் பிழை நேர்ந்தால் திருத்துவதற்கென்றே சில மரபணுக்கள் உள்ளன. அந்தத் திருத்துவோரில் ஒருவர் பிறவியிலேயே ஊனமுற்றால், பிழைகள் விரைந்து குவியும். 1993-இல் அத்தகைய மரபணுக்களில் முதலாவது கண்டறியப்பட்டது. தையற்காரப் பெண்ணின் குடும்பத்தில் இருந்த பழுதும் 2000-ஆம் ஆண்டில் கண்டுபிடிக்கப்பட்டது. அவர் அஞ்சியதற்கு 105 ஆண்டுகளுக்குப் பிறகு காரணம் தெரிந்தது.

பரவலைப் பற்றிய கதை இன்னும் முடியவில்லை. குடற்புற்று பெரிதும் குடியேறும் இடம் கல்லீரல். குடலின் குருதி முழுவதும் பெருநாளம் ஒன்றின் வழியே முதலில் கல்லீரலுக்கே செல்வதால் இது இயல்பென்று தோன்றும். ஆனால் வழி மட்டும் போதுமா? 1889-இல் லண்டன் மருத்துவர் ஸ்டீபன் பேஜட், மார்பகப் புற்றினால் இறந்த 735 பெண்களின் குறிப்புகளை ஆராய்ந்து, விதை எத்திசையில் பறந்தாலும் ஏற்ற நிலத்தில்தான் முளைக்கும் என்று எழுதினார். நம் உழவர்களுக்கு இதைச் சொல்ல வேண்டியதில்லை. குருதியில் இறங்கும் புற்றணுக்களில் மிகப் பெரும்பாலானவை மடிந்துவிடுகின்றன என்று பிற்கால ஆய்வுகள் காட்டின. விதையும் நிலமும் பொருந்திய சிலவே குடித்தனம் தொடங்குகின்றன.

டியூக்ஸின் படத்தைப் பார்த்தோர், நோய் முதலில் கணுவுக்குப் போய், கணுவிலிருந்து கல்லீரலுக்குப் போகிறது என்று எளிதாக எண்ணிக்கொண்டனர். 2017-இல் அமெரிக்க ஆராய்ச்சியாளர் கமிலா நாக்செரோவாவும் குழுவினரும் 17 நோயாளிகளின் கட்டிகளை எடுத்து, மரபுப் பிழைகளை அடையாளமாகக் கொண்டு, எந்தக் கட்டி எதற்குப் பிள்ளை என்று வம்சாவளி வரைந்தனர். ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கினரிடம், கணுவில் இருந்த புற்றும் தொலைவில் உள்ள உறுப்பில் இருந்த புற்றும் தாய்க்கட்டியின் வெவ்வேறு கிளைகளிலிருந்து தனித்தனியே புறப்பட்டவையாக இருந்தன. எஞ்சியோரிடமே இரண்டும் ஒரே கிளையில் தோன்றியிருந்தன. அப்படியானால் கணுவில் புற்று இருப்பது ஏன் இத்துணைக் கெட்ட குறி? கணுவை எட்டும் வல்லமை பெற்ற கட்டி, வேறு வழியில் கல்லீரலையும் எட்ட வல்லது என்பதற்கு அது அடையாளம் என்கிறார்கள் ஒரு சாரார். சில நோயாளிகளிடம் கணுவே ஏணிப்படி என்று மற்றொரு சாரார் கூறுகிறார்கள். இந்த வழக்கு ஆய்வுக்கூடங்களில் நடந்துகொண்டிருக்கிறது. அறுவைக் கூடத்திலிருந்து வரும் குடலில் கணுக்களை ஒவ்வொன்றாகத் தேடி எண்ணும் வேலையும் நடந்துகொண்டே இருக்கிறது.